கோத்தகிரியில் இலைக்காரனுக்கும் புரியும்படி சொன்ன, வரிக் கணக்கு போட்டுத் தரும் ஆபீஸ்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மேல் மாடி. படி செங்குத்து, மழையில் வழுக்கும். அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

எனக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை. இலையை ஃபேக்டரிக்குக் கொடுப்பதோடு சரி. 2024-25இல் எஃப்.டி. வட்டி 62,000 வந்ததில் பேங்க் வரியாக 6,200 பிடித்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் வேறொருவர் ஐ.டி.ஆர். 1 என்ற வருமான வரிப் படிவத்தைப் போட்டு, இலைக் காசைக் காட்டவே இல்லை. "வரி இல்லாததை எதுக்குங்க காட்டணும்" என்றார், நானும் தலையாட்டினேன்.

இங்கே இருந்த அக்கா முதலில் கேட்டது, "நீங்களே தூள் அரைக்கிறீங்களா?" அங்கேதான் விஷயமாம். பச்சை இலையாக விற்றால் முழுக்க விவசாய வருமானம், வரி கிடையாது. சொந்தத் தோட்டத்து இலையைத் தானே தூளாக்கி விற்றால் லாபத்தில் 40 சதவீதத்துக்கு வரி உண்டு. வரி இல்லாவிட்டாலும், விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் ஐ.டி.ஆர். 1 செல்லாது, எனக்கு ஐ.டி.ஆர். 2தான். ஃபேக்டரி பில்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொல்லி, உரம், ஆள்கூலி எல்லாம் கழித்து, துண்டுத்தாளில் எழுதியே காட்டினார். 2024 ஏப்ரலிலேயே பேங்கில், வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் 15ஜி படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்களாம். இதை பேங்கில் ஒருத்தரும் சொல்லவில்லை!

ஃபீஸ் 700, ரசீதோடு. 6,200 முழுசாகக் கணக்குக்குத் திரும்பி வந்தது.

குறை என்றால், ஜூலையில் போகவே கூடாது. ரெண்டு மணி நேரம் நின்றேன், ஃபோனும் எடுப்பதில்லை.