சிஆர் ப்ராக்டிஸ்: அஃபீஷியல் கேள்வியா, எல்சாட்டா, கோச்சிங் பேங்கா?

ஜிமேட்டுக்கு (எம்பிஏ சேர எழுதற பரீட்சை) படிக்கற யாரக் கேட்டாலும் குவான்ட்டுக்கு, அதாவது கணக்குப் பகுதிக்கு, என்ன பண்ணணும்னு தெளிவா சொல்லிடறாங்க, சிஆர்னு (கிரிட்டிகல் ரீசனிங், ஒரு வாதத்த அலசற கேள்வி) வந்தா மட்டும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒருத்தர் அஃபீஷியல் கைடு (பரீட்சை நடத்தறவங்களே போடற புத்தகம்) போதும்ங்கறார், இன்னொருத்தர் எல்சாட் (லா ஸ்கூல் தேர்வு) கேள்வி பண்ணாம வெர்பல், அதாவது மொழிப் பகுதி, ஏறவே ஏறாதுங்கறார், மூணாவது ஆள் ஆயிரக்கணக்குல கேள்வி இருக்கற கோச்சிங் கம்பெனி ஆப்புக்கு சந்தா கட்டுங்கறார். நான் மூணையும் தொட்டுப் பாத்துட்டு கடைசில அஃபீஷியல் பக்கமே உக்காந்துட்டேன், அதனால இத நடுநிலையான அலசல்னு நெனச்சு படிக்காதீங்க, என் சாய்வு முதல் வரியிலயே இருக்கு.

எல்லாருக்கும் தெரிஞ்சத வேகமா முடிச்சிடறேன். 2023 நவம்பர்ல ஜிமேட்டோட புது ஃபார்மட் வந்தப்ப கிராமர் கேள்வியான சென்டென்ஸ் கரெக்‌ஷனத் தூக்கிட்டாங்க, பழைய ஜிமேட் 2024 ஜனவரியோட முடிஞ்சுது. இப்ப வெர்பல்ல 23 கேள்வி, 45 நிமிஷம், ஆர்சியும் (பத்தி படிச்சு பதில் சொல்றது) சிஆரும் மட்டும்தான். முன்னாடி கிராமர்ல ஸ்ட்ராங்கா இருக்கறவங்க சிஆர்ல விட்டத அங்க பிடிச்சுக்குவாங்க, அந்தக் கதவு மூடியாச்சு. ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி, பேசேஜ் சின்னது, ஆப்ஷன் அஞ்சு. விலைன்னு பாத்தா அஃபீஷியல் புத்தகமும் எல்சாட்டும் பெரிய செலவு இல்ல, கோச்சிங் பேங்க்தான் மாசாமாசம் கார்டுலேர்ந்து பணம் எடுக்கும். கேள்வி எண்ணிக்கைல கோச்சிங் பேங்க் ஜெயிக்கும், எல்சாட் அடுத்து, அஃபீஷியல் கடைசி. இத வச்சுதான் நிறைய பேர் முடிவெடுக்கறாங்க, எனக்கு இது கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லாத கணக்கு.

நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு: தப்பான ஆப்ஷன் நாலும் எப்படி செஞ்சிருக்காங்க. சரியான விடைய யார் வேணா எழுதிடலாம். தப்பான நாலும் ஆளை இழுக்கற மாதிரியும் இருக்கணும், அதே சமயம் யார் வாதாடினாலும் தப்புன்னு நிக்கவும் செய்யணும்னா அது லேசுப்பட்ட வேலை இல்ல.

சும்மா சொன்னா புரியாது, நானே ஒண்ணு செஞ்சு காட்டறேன். ஒரு நகரத்துல எல்லா டவுன் பஸ்லயும் கேமரா வச்சாங்க. அடுத்த வருஷம் பஸ்ல பிக்பாக்கெட்னு வந்த புகார் முந்தின வருஷத்த விட ஜாஸ்தி ஆயிடுச்சு. அதனால கேமரா வச்சு திருட்டு குறையலன்னு முடிவு. இந்த வாதத்த பலவீனமாக்கறது எது?

சரியான விடை இப்படி வரலாம்: கேமரா வர்றதுக்கு முன்னாடி பர்ஸ பறிகொடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க புகாரே குடுக்கல, இப்ப ஃபுட்டேஜ் கெடைக்கும்னு தெரிஞ்சதுக்கப்பறம் குடுக்கறாங்க. புகார் எண்ணிக்கை வேற திருட்டு எண்ணிக்கை வேற, அந்த ரெண்டையும் ஒண்ணா வச்சதுதான் இங்க ஓட்டை.

இப்ப தப்பான ஆப்ஷனுக்கு வாங்க. நல்லா செஞ்ச ஒரு தப்பு: பஸ்ல போற பயணிகள்ல நிறைய பேருக்கு கேமரா இருக்கறதே தெரியாது. முதல் தடவ படிக்கறப்ப கை அங்கதான் போகும், தெரியாத கேமரா எப்படி வேலை செய்யும்னு தோணும். ஆனா கேமராவப் பாத்து பயப்பட வேண்டியது பயணி இல்ல, திருடன். அவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு இந்த ஆப்ஷன் ஒண்ணும் சொல்லல. ஆள் மாறிப்போச்சு, அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வார்த்தைய நீங்க பிடிச்சிட்டீங்கன்னா அடுத்த கேள்வில யாரப் பத்தி பேசறாங்கன்னு தானா கண்ணு போகும்.

மோசமா செஞ்ச ஒரு தப்பு: அந்த வருஷம் பஸ்ல போறவங்க எண்ணிக்கை ரொம்ப கூடிடுச்சு. இத 'தப்பு'ன்னு போட்டு விளக்கத்துல 'அவுட் ஆஃப் ஸ்கோப்'னு (வாதத்துக்கு வெளிய இருக்குன்னு) ஒரு முத்திரை குத்தி வச்சிருப்பாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, கூட்டம் ரெண்டு மடங்கு ஆகி புகார் கொஞ்சம் மட்டும் கூடிச்சுன்னா ஒரு பயணிக்கு இருக்கற ஆபத்து குறைஞ்சுதானே இருக்கு. இதுவும் வாதத்த ஆட்டுதே. இப்ப ஒரே கேள்விக்கு ரெண்டு விடை. அஃபீஷியல் தரத்துல இருக்கறவன் இந்த இடத்துல ஷேர் ஆட்டோல போறவங்க எண்ணிக்கை கூடிச்சுன்னு எழுதியிருப்பான், அது பஸ்ஸ தொடாம சுத்திக்கிட்டு நிக்கும், பிரச்சனை வராது.

நான் சேந்த கோச்சிங் பேங்க்ல (பேரு வேணாம்) ரெண்டாவது வகை அடிக்கடி வந்துச்சு. ஒரு கேள்வி தப்பா இருந்தா என்ன பெருசா நட்டம்னு கேப்பீங்க. நட்டம் மார்க்குல இல்ல, பழக்கத்துல. சரியா யோசிச்சு எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் வித்தியாசம் பாத்து ஒரு ஆப்ஷன எடுத்திருப்பீங்க, விடைக் கீ வந்து தப்புங்குது, விளக்கத்த படிச்சு 'ஓ நம்ம ரொம்ப யோசிச்சிட்டோம் போல'ன்னு நீங்களே உங்கள திருத்திக்குவீங்க, இப்படியே நூறு கேள்வி போனா வாதத்தப் பாக்கறத விட்டுட்டு கேள்வி போட்டவன் மனசுல என்ன இருக்கும்னு ஊகிக்க ஆரம்பிச்சிடுவீங்க. அந்த ஆள் பரீட்சைக்கு கேள்வி போடறதில்ல. அங்கதான் அடி.

அஃபீஷியல் கேள்வில இது ஏன் நடக்கறதில்லன்னா அதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. ஜிமேக் (ஜிமேட் நடத்தற அமைப்பு) புதுக் கேள்விகள நிஜ பரீட்சைக்குள்ளயே மார்க் இல்லாத கேள்வியா நுழைச்சு, நிஜமா எழுத வந்தவங்க எப்படி பதில் சொல்றாங்கன்னு பாத்துட்டுதான் கணக்குல சேக்கறாங்க. வெர்பல் நல்லா வர்றவங்களே ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல சிதறினா அந்தக் கேள்வில ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சிடும். ஒரு கோச்சிங் கம்பெனி என்னதான் கெட்டிக்கார ஆள வச்சு எழுதினாலும் இந்த வடிகட்டல் அவங்க கைல கெடையாது.

சரி, அஃபீஷியல் கேள்வி கம்மிதானே, தீந்துட்டா? இதான் எல்லாரும் கேக்கறது. என் பதில், தீரவே தீராது, நீங்க செய்யற விதத்தப் பொறுத்து. விடை ஞாபகம் இருக்கேன்னு கவலைப்படாதீங்க, விடைய எழுதறது வேலையே இல்லன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு தப்பான ஆப்ஷனும் ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதுங்க. 'சம்பந்தமில்ல'ன்னு எழுதக் கூடாது, அது பதிலே இல்ல. ஆள் மாறிடுச்சா, காலம் மாறிடுச்சா, 'சில'ங்கறத 'பெரும்பாலான'ன்னு நீட்டிட்டாங்களா, திசை தலைகீழா, முடிவுக்கு பதிலா ஆதாரத்தப் போய் தாக்குதா, இந்த மாதிரி குறிப்பா. அசம்ப்ஷன் கேள்வின்னா (வாதம் சொல்லாம நம்பியிருக்கற அனுமானத்தக் கேக்கறது) ஆப்ஷன மறுத்துப் போட்டுப் பாத்து வாதம் உடையுதான்னு எழுதணும். ஒரு மாசம் கழிச்சு அதே கேள்விக்கு திரும்ப எழுதறப்ப விடை ஞாபகம் இருக்கும், காரணம் இருக்காது. விடை மட்டும் மனசுல நின்னு காரணம் நிக்கலன்னா அது படிச்சதே இல்ல.

இதுக்கு ஒரு எக்செல் ஷீட் வேணும், அத பராமரிக்கறது சலிப்பு புடிச்ச வேலை, பொய் சொல்லல. ஆபீஸ் முடிச்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு நாலு வரி எழுதறதுக்கு பதிலா ஆப்ப தொறந்து இருவது கேள்வி தட்டறது சுகமா இருக்கும், பச்சை டிக் வேற வரும். ஷீட்ல நான் வச்ச காலம் (நெடுவரிசை) மூணுதான்: எந்தத் தப்பான ஆப்ஷன் இழுத்துச்சு, அதுல எந்த வார்த்தை இழுத்துச்சு, அது ஏன் நிக்காது. வீக்கன் (பலவீனமாக்கறது), ஸ்ட்ரெங்தன் (பலப்படுத்தறது)னு கேள்வி வகை போட்டு கலர் அடிச்சு வைக்கறவங்க இருக்காங்க, பாக்க அழகா இருக்கும், எனக்கு அதுலேர்ந்து ஒண்ணும் கெடைக்கல. சறுக்கற ஆள் எல்லா வகைலயும் ஒரே மாதிரிதான் சறுக்குவார்.

எல்சாட்டுக்கு வருவோம், அத குறைச்சு சொல்ல மாட்டேன். அமெரிக்க லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு அது, அங்கயும் மார்க் இல்லாத செக்‌ஷன் ஒண்ணு வச்சு கேள்விய சோதிக்கறாங்க, அதனால தப்பான ஆப்ஷனோட தரம் அஃபீஷியல் ஜிமேட்டுக்கு சளைச்சது இல்ல, சில நேரம் மேலயே. 2024 ஆகஸ்ட்லேர்ந்து லாஜிக் கேம்ஸ்ங்கற புதிர்ப் பகுதிய தூக்கிட்டு லாஜிகல் ரீசனிங் (சிஆர் மாதிரியான வாதக் கேள்வி) ரெண்டு செக்‌ஷனா மார்க்குக்கு வருது. லாஹப்ல (எல்சாட் நடத்தறவங்களோட வெப்சைட்) கணக்கு தொறந்தா சில முழு டெஸ்ட் காசில்லாமலே கெடைக்கும். 35 நிமிஷத்துல ஏறக்குறைய 25 கேள்வி, ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம் கூட இல்ல, அதப் பண்ணிட்டு ஜிமேட்டுக்கு வந்தா மூச்சு விட நேரம் இருக்கற மாதிரி இருக்கும்.

ஆனா ரெண்டும் ஒரே பாடம் இல்ல. எல்சாட்ல பேரலல் ரீசனிங் (ஒரு வாதத்தோட அமைப்புலயே இருக்கற இன்னொண்ண கண்டுபிடிக்கறது) வரும், ரெண்டு பேர் பேசிக்கிட்டு எதுல உடன்படலன்னு கேக்கும், 'இருந்தால் மட்டுமே' வகை கண்டிஷனல் லாஜிக் பின்னிப் பின்னி வரும். ஜிமேட்ல இதுக்கெல்லாம் வேலை கம்மி. அங்க வர்றது ஒரு கம்பெனி ஒரு பிளான் போடுது, அது வேலைக்கு ஆகுமான்னு பாக்க எந்தத் தகவல் தெரியணும்ங்கற மாதிரி. செலவு, சதவீதம், சந்தை, இப்படி. அதனால எல்சாட்ட எடுத்தா பேரலல தள்ளிட்டு அசம்ப்ஷன், ஸ்ட்ரெங்தன், வீக்கன், பேரடாக்ஸ் (முரணா தெரியற ரெண்டு விஷயத்த ஒத்துப்போக வைக்கறது) மட்டும் எடுங்க. என் கணிப்பு, அஃபீஷியல்ல மீடியம் கேள்வி சரளமா வந்து ஹார்டுல மட்டும் இடிக்கறவங்களுக்கு எல்சாட் உண்மையிலயே உதவும். ஆரம்பத்துலயே அதப் பிடிச்சா பேசேஜோட மொழியே ஆள அசத்திடும், லாஜிக்ல இடிக்குதா இங்கிலீஷ்ல இடிக்குதான்னே தெரியாது, தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்களுக்கு முக்கியமா.

ஏஐ சாட்பாட்ட வச்சு கேள்வி செஞ்சுக்கறது இப்ப புதுசா ஓடுது. நான் அத கொஞ்சம்தான் பண்ணிப் பாத்தேன், அதனால தீர்ப்பு சொல்ற அளவுக்கு இல்ல. பாத்த வரைக்கும் கேள்வி செய்யறதுல அந்த கோச்சிங் பேங்க் வியாதியேதான், சரியான விடை மட்டும் நீளமா கவனமா இருக்கும், மத்த நாலும் சொத்தை. வேற ஒரு விதத்துல உபயோகப்பட்டுச்சு: அஃபீஷியல் கேள்விக்கு நான் எழுதின காரணத்தப் போட்டு இதுல ஓட்டை எங்கன்னு கேட்டா சண்டை போட ஒரு ஆள் கெடைச்ச மாதிரி இருந்துச்சு. என்ன, நம்ம ரெண்டு தடவ அழுத்திச் சொன்னா 'ஆமா நீங்க சொல்றது சரி'ன்னு சாஞ்சிடுது.

ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு) எழுதறவங்களுக்கு இந்த மாதிரி குட்டிப் பத்தி வாத கேள்வி ஆர்சிக்குள்ள ஒண்ணு ரெண்டு வரும், அதுக்காக தனியா இவ்வளவு மெனக்கெடணுமான்னு எனக்கு சந்தேகம்தான். எக்ஸாட் (இந்தியாவுல எம்பிஏ சேர எழுதற இன்னொரு தேர்வு) எழுதறவங்க அனுபவப்பட்டவங்களக் கேளுங்க, அந்தப் பக்கம் நான் போனதில்ல.

புத்தகம் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. அஃபீஷியல் கைடு வருஷா வருஷம் புது அட்டைல வருது, உள்ள பெரும்பங்கு கேள்வி பழசுதான், அதனால ரெண்டு அடுத்தடுத்த எடிஷன் வாங்கறது காச கரியாக்கறது. ஒரு புது எடிஷன், கூடவே நாலஞ்சு வருஷம் தள்ளின பழசு ஒண்ணு, இது போதும். பழசுல சென்டென்ஸ் கரெக்‌ஷன் பக்கத்த ஸ்டேப்ளர் அடிச்சு மூடிடுங்க, சிஆர் பகுதி இன்னிக்கும் அப்படியே செல்லும். திருவல்லிக்கேணி பாரதி சாலை பழைய புத்தகக் கடைங்கள்ல தேடுங்க, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி சிஆர் பக்கத்த புரட்டிப் பாத்துடுங்க, முன்னாடி வச்சிருந்த ஆள் விடைய பேனாலயே டிக் அடிச்சு வச்சிருந்தா கடைக்காரர்கிட்ட அதச் சொல்லி இன்னும் கொறைக்கலாம். விடை தெரிஞ்சா நமக்கு என்ன, நாலு தப்புக்கு காரணம் எழுதறதுதானே வேலை.