தாத்தாவின் நினைவு மலருக்காகப் பயன்படுத்திய தேசிய ஆவணக் காப்பக இணையச் சேவை: ஒரு மதிப்புரை

எங்கள் தாத்தாவைச் சிங்கப்பூரின் மண்டாய் தகனச்சாலையில் எரியூட்டிவிட்டு வந்த சில நாள்களில், பதினாறாம் நாள் கருமாதிக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவர வேண்டும் என்று பெரியப்பா விரும்பினார். வழக்கமாக அச்சிடும் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, ஒரு தேவாரப் பாடல் என்ற அளவோடு நின்றுவிடாமல், அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ளும் வகையில் மலர் அமைய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் எங்கள் கையில் இருந்தவை மிகக் குறைவு: 1952ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்தார், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார், பின்னர் கப்பல் பட்டறையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். இந்த மூன்று வரிகளுக்கு இடையே இருந்த இடைவெளியை நிரப்புவதற்காகச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தையும், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய செய்தித்தாள் தளத்தையும் பயன்படுத்தினோம். துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவைகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதைப் பற்றியதே இந்த மதிப்புரை.

ஆவணக் காப்பகம் 1968இல் தொடங்கப்பட்டது. அதன் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் ஆரம்பித்தது. 2012 முதல் அது தேசிய நூலக வாரியத்தின் கீழ் இயங்குகிறது. புகைப்படங்கள், வரைபடங்கள், அமைச்சர்களின் உரைகள், ஒலிப்பதிவுகள் எனப் பலவற்றை வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

எங்களுக்கு இவற்றில் மிகப் பெரிய கொடையாக அமைந்தவை வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளே. புகழ்பெற்றவர்கள் மட்டுமல்லாமல், சாதாரண வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் பேசிய பதிவுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு நேர்காணலும் ஏறக்குறைய அரை மணி நேரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் பகுதியில் என்ன பேசப்படுகிறது என்ற சுருக்கமும் தரப்பட்டிருப்பதால், பல மணி நேரப் பேச்சு முழுவதையும் கேட்காமல் கப்பல் பயணத்தையோ கடற்படைத் தளத்தையோ பற்றிய பகுதிக்கு நேராகச் சென்றுவிடலாம். தாத்தாவைப் போலவே மேல்தளப் பயணிகளாக வந்தவர்கள் கப்பலில் பாய் விரித்துப் படுத்ததையும், கரையேறுவதற்கு முன் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டதையும் அந்தத் தலைமுறையின் குரலிலேயே கேட்கும்போது, புத்தகத்தில் படிப்பதில் கிடைக்காத நெருக்கம் கிடைக்கிறது.

அப்பாயியை, அதாவது தாத்தாவின் மனைவியை, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டோம். அவரும் 1961இல் அதே கப்பலில் வந்தவர். பதிவில் ஒருவர் கப்பல் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், தாத்தா போனதிலிருந்து சரியாகப் பேசாமல் இருந்த அப்பாயி, "உங்க தாத்தாவும் இதையேதான் சொல்லுவாரு. ஊர்லேர்ந்து கட்டிக்கிட்டு வந்த புளிச்சோறு தீந்ததும் நாலு நாளு வெறும் வறுகடலையும் தண்ணியுந்தான்னு" என்றார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கடற்படைத் தளக் குடியிருப்பில் எந்த வரிசையில் வீடு இருந்தது, சம்பள நாளில் தாத்தா என்ன வாங்கி வருவார், சங்கு ஊதியதும் சைக்கிள்கள் எப்படிக் கூட்டமாக வாசலைக் கடந்து வரும் என்பதெல்லாம் அன்று மாலை எங்களுக்குக் கிடைத்தன. இந்தச் சேவையின் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து. நம் தாத்தாவின் பெயர் அங்கே கிடைப்பது அரிது. ஆனால் அவரோடு ஒத்த வாழ்க்கை வாழ்ந்த ஒருவரின் குரல், நம் வீட்டில் இன்னும் இருக்கும் பெரியவரைப் பேச வைத்துவிடுகிறது. ஆகவே தனியாக ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்காமல், பாட்டியோ பெரிய அத்தையோ இருக்கும் கூடத்தில் சத்தமாக வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

செய்தித்தாள் தளம் வேறு வகையில் உதவியது. அதில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் 1845ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அங்கே பார்க்கலாம். தாத்தா "தீபாவளிக்கு முன்னாடி வந்து இறங்கினேன்" என்று மட்டுமே சொல்லி வந்தார். கப்பல் வருகை அறிவிப்புகளில் ரஜுலாவைத் தேடி, அவர் வந்தது இரண்டு பயணங்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். தேடும்போது அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்த வேண்டும்; நாகப்பட்டினம் அன்று "நெகபடம்" என்றே அச்சாகியிருக்கும். 1953 ஆகஸ்ட் மாதத்தில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருபவர்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது என்பதையும் இந்தத் தேடலில்தான் அறிந்தோம். இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் தாத்தா வந்திருக்கவே முடியாமல் போயிருக்கலாம் என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

1968ஆம் ஆண்டுச் செய்திகளைப் படித்ததுதான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் 1971க்குள் சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1938இல் திறக்கப்பட்ட பெரிய உலர்துறையோடு (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் துறை) கூடிய செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்கள் பலர். 1968 டிசம்பரில் செம்பவாங் கப்பல் பட்டறை என்ற நிறுவனம் அந்தக் கப்பல் துறையைப் பொறுப்பேற்றது. மூன்று சிறு பிள்ளைகளோடு இருந்த தாத்தா அந்த மாதங்களில் என்ன நினைத்திருப்பார் என்று நாங்கள் அவரிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. அப்பாயி சொன்னார்: "ஊருக்குப் போயிடலாமான்னு கேட்டேன். புள்ளைங்க இங்கதான் படிக்கணும்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு." அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருந்த நிலவரத்தை அந்தச் செய்திகள் எங்களுக்குக் காட்டின. மலரில் இந்தப் பகுதிக்கே அதிகப் பக்கங்கள் ஒதுக்கினோம்.

புகைப்படத் தொகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கடற்படைத் தளத்தின் வாயில்கள், உலர்துறை, பழைய செம்பவாங் ஆகியவற்றின் படங்கள் கிடைக்கின்றன. திரையில் பார்க்க அவை போதும். அச்சிடத் தரமான பிரதி வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும், பயன்பாட்டு உரிமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கருமாதிக்கு நாள் நெருக்கமாக இருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்வது நல்லது. விவரம் முழுமையாகத் தெரியாத படங்களுக்குப் பொதுமக்களே குறிப்பு எழுதி உதவும் திட்டம் ஒன்றை 2015 முதல் காப்பகம் நடத்துகிறது. எடுத்துக்காட்டாக, கென்பரா சாலையோரம் இருந்து, இப்போது ஈசூனில் ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக விளங்கும் முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்தில் தாத்தா ஆண்டுதோறும் பால்குடம் எடுத்தவர். அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த இடங்களையும் முகங்களையும் அவர்கள் இருக்கும்போதே இப்படிக் குறித்து வைக்கலாம்.

எங்கள் வீட்டில் இருந்த படங்களை மட்டும் வெளியே ஒரு கடையில் கொடுத்துச் சீராக்கினோம். அங்கே தாத்தாவின் முகத்தை வெளுப்பாக்கி, இடது கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டார்கள். அப்பாயி அந்தப் படத்தை ஏற்க மறுத்ததால், கீறல்களோடு இருந்த அசல் படத்தையே அட்டையில் போட்டோம். அதுதான் அவர்.

சேவையின் வரையறைகளையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பதிவுகளுக்கும் சுருக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், அப்பாயி போன்றவர்கள் தாமாகத் தேட முடியாது. வீட்டில் ஓர் இளையவர் கூடவே இருக்க வேண்டும். சில நேர்காணல்களைக் கேட்க முன் அனுமதி தேவை. அண்மைக் காலச் செய்தித்தாள்களை நூலகக் கணினிகளில் மட்டுமே முழுமையாகப் படிக்க முடியும். அதற்காக விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்திற்குச் செல்பவர்கள், 11ஆம் தளத்தில் உள்ள நுண்படச் சுருள்களையும் (மைக்ரோஃபிலிம்) பார்த்துவிட்டு வரலாம். ஆவணக் காப்பகத்தின் சொந்தக் கட்டடம் கேனிங் ரைஸில் இருக்கிறது. அங்குள்ள வாசிப்பறைக்குச் செல்வதற்கு முன், பார்க்க விரும்பும் ஆவணங்களின் எண்களை இணையத்தில் குறித்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

அவசரமாகத் தேதி ஒன்றை உறுதிப்படுத்த நினைப்பவர்களுக்குச் செய்தித்தாள் தளத்தையும், பொறுமையாக ஒரு வாழ்க்கையை எழுத நினைப்பவர்களுக்கு ஒலிப்பதிவுகளையும் பரிந்துரைப்பேன். பிறப்பு, இறப்பு, குடியுரிமை தொடர்பான சான்றிதழ்களுக்கு உரிய அரசாங்க அமைப்பையே நாட வேண்டும். எங்கள் மலர் பதினாறாம் நாளுக்குள் அச்சாகி வந்தது. ஆண்டுத் திதிக்கு அதை விரிவாக்கப் போகிறோம். அப்பாயி சொன்ன குடியிருப்பு வரிசையைப் பழைய வரைபடங்களில் அடையாளம் காணும் வேலையைத் தங்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.