கறுப்புக் கோடு துடைக்கும் பெட்டிகள்: எதை வாங்கலாம், எப்படி ஓட்டலாம்

மாடல் ரயில் பாயின்ட்டை (தடம் பிரியும் இடத்தை) தாண்டும்போது விக்கி நிற்கிறது, விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி ஓடுகிறது என்றால் முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள். வெள்ளைத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு முழ நீளத்துக்குத் தேய்த்தால் துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். அது வெறும் தூசி அல்ல. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் மிகச் சிறிய தீப்பொறிகள் தெறித்துக்கொண்டே இருக்கின்றன. அதில் உண்டாகும் உலோக ஆக்சைடோடு கியரிலிருந்து கசிந்த எண்ணெய், பிளாஸ்டிக் சக்கரத்தின் தேய்மானம், அறைத் தூசி எல்லாம் கலந்து பசைபோல ஒட்டிக்கொள்ளும். இவற்றை எடுக்க என்ஜின் இழுத்துப்போகும் துடைப்புப் பெட்டிகள் உண்டு. பசையைத் துடைக்க ஒரு பெட்டி வேண்டும், தூசியை எடுக்க வேறு பெட்டி வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பணம் வீணாகாது.

பசைக்கு சிஎம்எக்ஸ் என்ற துடைப்பு வண்டிதான் எங்கள் முதல் தேர்வு. முழுக்கப் பித்தளையில் கடைந்த டேங்கர் இது. மேலே திருகு மூடி, சொட்டின் அளவைக் கூட்டிக் குறைக்க ஊசி வால்வு, அடியில் கார்டுராய்த் துணி போர்த்திய பட்டை. எச்ஓ (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), என் (160-ல் ஒரு பங்கு) என்ற இரண்டு மாடல் அளவிலும் கிடைக்கிறது. எச்ஓ வண்டி 100 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் தேய்ந்துபோகும் பாகம் துணி ஒன்றுதான். பழைய பருத்திக் கார்டுராய்க் கால்சட்டை ஒன்றில் வருடக்கணக்குக்கான துணி வெட்டலாம். செயற்கை இழை வேண்டாம், அசிட்டோன் பட்டால் சில வகைகள் இளகி தண்டவாளத்திலேயே ஒட்டும்.

இதன் பலம் எடைதான், தொல்லையும் அதே எடைதான். நான்கு அச்சு என்ஜின் ஒன்று சமதரையில் இழுத்துவிடும். 2 சதவீத ஏற்றம் வந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், சுழன்ற இடத்தில் தண்டவாளம் தேயும். இரண்டு என்ஜின் பூட்டுங்கள், அல்லது ஆறு அச்சு என்ஜினைப் போடுங்கள். ரப்பர் வளையம் மாட்டிய என்ஜினை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. கரைப்பான் பட்டால் வளையம் உப்பிக் கழன்றுவிடும்.

தொட்டியைக் கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். வால்வை மூடி வைத்துவிட்டு, துணியின் முன்பாதியில் கையால் நாலைந்து சொட்டு விட்டு நனையுங்கள். வண்டி நகர்ந்த பிறகே வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். வண்டி போன இடத்தில் தண்டவாளத்தின் மேல் மெல்லிய ஈரப் பளபளப்பு மட்டும் தெரிந்தால் அளவு சரி. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஜல்லி கறுத்தால் சொட்டு அதிகம். அப்படியே விட்டால் கரைந்த அழுக்கு தண்டவாளத்தின் உள்விளிம்பில் வழிந்து காய்ந்துவிடும். அதைப் பிறகு குச்சியால்தான் சுரண்ட வேண்டும். வேகம் விநாடிக்கு 15 செ.மீ. போதும். எச்ஓ கணக்கில் அது நிஜ ரயிலின் மணிக்கு ஏறத்தாழ 47 கி.மீ. வண்டியை நிறுத்தும் முன் வால்வை மூட மறக்கவே கூடாது, நின்ற இடத்தில் குளம் கட்டிவிடும். மூன்று சுற்று ஓட்டித் துணியைத் திருப்பிப் பாருங்கள். கோடு இன்னும் அடர் கறுப்பாக இருந்தால் துணியை மாற்றி மறுபடி மூன்று சுற்று.

தொட்டியில் எதை ஊற்றுவது? பலர் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் ஊற்றுகிறார்கள். அழுக்கைக் கரைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் துடைத்த கொஞ்ச நாளிலேயே கறுப்பு திரும்புகிறது என்பது பலரும் சொல்லும் குறை. மின்காப்பு மாறிலி என்ற அளவில் ஆல்கஹாலும் அசிட்டோனும் 20-ஐ ஒட்டி இருக்கின்றன. மண்ணெண்ணெயும் மினரல் ஸ்பிரிட்டும் (பெயின்ட் கரைக்கும் ஒரு பெட்ரோலியக் கரைப்பான்) 2-ஐ ஒட்டி. இந்த எண் சிறியதாக உள்ள கரைப்பானில் துடைத்தால் தீப்பொறி குறைகிறது, கறுப்பும் தாமதமாகிறது என்று சொல்லிப் பலர் மாறிவிட்டார்கள். எங்கள் தேர்வும் மினரல் ஸ்பிரிட்தான். பல வருட அழுக்கு என்றால் முதல் தடவை மட்டும் அசிட்டோன், அதுவும் சன்னலைத் திறந்து வைத்து. அசிட்டோன் பிளாஸ்டிக் ஸ்லீப்பரையும் பெயின்ட்டையும் தின்னும். அதன் ஆவி சக்கரப் பொறியிலேயே பற்றிக்கொள்ளக் கூடியது. அடைத்த அறையில் அசிட்டோன் வேண்டவே வேண்டாம்.

ஈர வண்டி தனியாக ஓடினால் பாதி வேலைதான் முடியும். கரைந்ததைத் துடைத்தெடுக்கப் பின்னால் காய்ந்த பட்டை வர வேண்டும். இதை வாங்க வேண்டியதில்லை. 3 மி.மீ. ஹார்ட்போர்டில் 25-க்கு 60 மி.மீ. துண்டு வெட்டி, சொரசொரப்பான பக்கம் கீழே வரும்படி வைத்து, மேல்பக்கத்தில் இரண்டு ஆணிகளைத் தலைகீழாக எபாக்சியால் ஒட்டுங்கள். ஒரு பழைய பாக்ஸ் வேகனின் தரையில் ஆணியைவிடக் கொஞ்சம் பெரிய துளை இரண்டு போட்டு ஆணிகளை அதில் நுழைத்துவிட்டால், பட்டை தன் எடையிலேயே தண்டவாளத்தில் படுத்து இழுபடும். முன்விளிம்பையும் பின்விளிம்பையும் உப்புத்தாளால் சரிவாகத் தேய்ப்பதுதான் உயிர்நாடி. சரிவு இல்லாத பட்டை பாயின்ட்டின் காவல் தண்டவாளத்தில் (சக்கரம் தடம் மாறாமல் காக்கும் உள்பக்கத் தண்டவாளம்) முட்டி வண்டியையே கவிழ்க்கும். பட்டை கறுத்ததும் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் புதிதாகிவிடும். ரயிலின் வரிசை: என்ஜின்கள், ஒரு காய்ந்த பட்டை, சிஎம்எக்ஸ், கடைசியில் இன்னொரு காய்ந்த பட்டை.

சிஎம்எக்ஸ் அளவுக்கு வேண்டாம் என்றால் சென்டர்லைன் என்ற துணி வண்டி உண்டு. அதில் கனமான உருளை மேல் துணி சுற்றப்பட்டிருக்கும். துணி மாற்ற அரை நிமிடம் போதும். வாரம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு இதுவே தாராளம்.

என் அளவில் டோமிக்ஸ் 6425, எச்ஓவில் டேப்போல் பி800: இவை மோட்டார் உள்ள வண்டிகள். தூசி உறிஞ்சலாம், வட்டு மாற்றித் தேய்க்கலாம், ஈரத் துடைப்பும் உண்டு. தாமாக ஓடா, என்ஜின் இழுக்க வேண்டும். சுரங்கத்துக்குள், கை எட்டாத இடத்தில் சேரும் தூசிக்கும் பஞ்சுக்கும் இதைவிட வசதியானது இல்லை. ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் அதே தண்டவாளத்திலிருந்துதான் வருகிறது. பசை ஏறிய இடத்தில், அதாவது மிகத் தேவையான இடத்தில், மோட்டார் திணறும். ஆகவே முதலில் துணி வண்டி, பிறகே இது. ஒட்டாத ஜல்லியையும் சேர்த்து உறிஞ்சும். ஒரு துகள் கியருக்குள் போனால் நின்றுவிடும். புது ஜல்லியின் பசை நன்றாகக் காய்ந்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஒருமுறை பெருக்கிய பிறகே ஓட்டுங்கள்.

சிராய்ப்புக் கட்டை பொருத்திய வண்டிகளைப் பரிந்துரைக்க மாட்டோம். துரு ஏறிய பழைய எஃகுத் தண்டவாளத்துக்குச் சரி. நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவைத் தண்டவாளத்தில் அது விடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

தண்டவாளம் துடைத்த அன்றே சக்கரங்களையும் துடையுங்கள், இல்லையென்றால் சக்கரத்தில் இருக்கும் கறுப்பு முதல் சுற்றிலேயே தண்டவாளத்துக்கு வந்துவிடும். தண்டவாளத்தின் குறுக்கே ஈரத் துணியை விரித்து, என்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களைத் துணி மேலும் மறுமுனைச் சக்கரங்களைத் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு பத்து விநாடி ஓட விடுங்கள். பிறகு திருப்பி வையுங்கள். வேகன்களில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகச் சக்கரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் சிஎம்எக்ஸின் தொட்டியைக் கவிழ்த்து வடித்து, துணியைக் கழற்றி, வால்வைத் திறந்தபடி வையுங்கள்.