18,500 ரூபாய்க்கு வாங்கிய டார்க் சார்ட் (எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற பட்டியல்): பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் நடந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1944 வில்லிஸ் எம்பி ஜீப். அப்பா ராணுவ டிஸ்போசல் வண்டியாக வாங்கியது. அவர் போன பிறகு ஷெட்டிலேயே நின்றுவிட்டது. போன வருடம்தான் நானும் அப்பாவின் பழைய மெக்கானிக் அண்ணனும் எஞ்சினை இறக்கினோம். ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, திரும்ப மாட்டும் கட்டம் வந்ததும், "கைக்கணக்கிலேயே இறுக்கிடலாம் தம்பி, நாப்பது வருசமா அப்படித்தானே செய்யறேன்" என்றார். நான்தான் கேட்கவில்லை. அப்பா வண்டி, புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதன்படியே செய்வோம் என்றேன்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் ஆன்லைன் சந்தை ஒன்றில் ஒருவர் '1944 ஒரிஜினல் ராணுவ மேனுவல், முழு டார்க் சார்ட்டுடன்' என்று போட்டிருந்தார். 18,500 ரூபாய். போனில் முக்கால் மணி நேரம் பேசினார். இடது பக்க வீல் நட்டுக்கு இடது மரை என்பதை நான் கேட்காமலேயே சொன்னார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று அன்றைக்கே 18,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன்.

வந்தது ஜெராக்ஸ். ஸ்பைரல் போட்டு, மேலே லேமினேட் செய்த ஒரு சார்ட். கூப்பிட்டுக் கேட்டால், "சார், ஒரிஜினல் பேப்பர் தொட்டாலே உதிரும், தனியா பேக் பண்ணி அனுப்பறேன். நீங்க சார்ட்டைப் பார்த்து வேலையை ஆரம்பிங்க" என்றார். சரி என்று காத்திருந்தேன். ரிட்டர்ன் செய்ய வேண்டிய ஏழு நாளும் அப்படியே போயின.

சார்ட்டில் ஹெட் போல்ட்டுக்கு 95 அடி-பவுண்டு (இறுக்கத்தை அளக்கும் அலகு). நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் 35, அப்புறம் 65, கடைசியாக 95 என்று மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் நான்காவது போல்ட். அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்ல வேண்டிய டார்க் ரெஞ்ச் சொல்லவே இல்லை. கையில் இருந்த இறுக்கம் திடீரென்று விட்டுப்போய், போல்ட் வழவழவென்று சுற்றியது. அண்ணன் ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றினார். மரைக்குள் சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள். போனது பிளாக்கின், அதாவது எஞ்சின் உடம்பின், மரை.

ராத்திரி தேடியபோதுதான் தெரிந்தது. இந்த எஞ்சினுக்கான அமெரிக்க ராணுவக் கையேடு டிஎம் 9-1803ஏ. அவர்கள் அரசாங்க வெளியீடு, காப்புரிமை கிடையாது, இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஹெட் போல்ட்டுக்கு 65 முதல் 75 அடி-பவுண்டுதான். அப்படியானால் 95 எங்கிருந்து வந்தது? 70 அடி-பவுண்டை நியூட்டன் மீட்டராக்கினால் 95. யாரோ நியூட்டன் மீட்டரில் போட்ட கணக்கின் தலையில் 'அடி-பவுண்டு' என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அதே சார்ட்டில், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு 72 என்று இருக்கிறது. சரியான அளவு 50 முதல் 55. நல்லவேளை, ஹெட் வேலையோடு நின்றது. ராடு போல்ட்டை 72-க்கு இழுத்து, அது ஓட்டத்தில் அறுந்திருந்தால் பிளாக்கே பிளந்திருக்கும்.

இன்று காலை விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில், "உங்க ரெஞ்ச் தப்பா இருக்கும்." அடுத்து, "பழைய பிளாக் சார், அப்படித்தான் போகும்." மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. சந்தையின் வாடிக்கையாளர் சேவையில், ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, விற்பவரிடமே பேசுங்கள் என்றார்கள். அவர்தான் எடுக்கவில்லையே என்றால், "புகாரைப் பதிவு செய்துகொண்டோம்". 18,500 ரூபாய் போனது போக, ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச்சுருள்) போட லேத் பட்டறைச் செலவு தனி.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். ஜெராக்ஸ் வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். எந்த சார்ட்டிலும் அலகைச் சரிபாருங்கள்: ஒரு அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். மரையில் எண்ணெய் இருந்தால் அதே அளவுக்கே போல்ட் கூடுதலாக இழுபடும், அதையும் கவனியுங்கள். ரெஞ்ச் சொல்லாவிட்டாலும் கையில் இறுக்கம் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போனவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண் அது. நான் இப்போது அங்கேதான் லைனில் காத்திருக்கிறேன்.