அல்சூரில் ஊர்க்காரர்களுக்கான முதலுதவிப் பயிற்சி: போய் வந்த அனுபவம்

நகரத்தில் நடக்கும் முதலுதவி வகுப்புகள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. ஆள் விழுந்தால் 108க்கு போன் போடு, வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்து, அவ்வளவுதான். என் அலுவலகத்திலும் ஒரு மணி நேரம் அப்படித்தான் நடத்தினார்கள். பெங்களூருக்கு அது போதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் அப்பா அம்மா இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி பக்கம் ஒரு மலைக்கிராமத்தில், அங்கே வண்டி வந்து நிற்கும் இடத்துக்கே ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் இங்கே பெங்களூர் அல்சூரில் சிலர் சேர்ந்து, ஊரில் குடும்பம் இருப்பவர்களுக்கென்றே சனி ஞாயிறில் தமிழிலேயே முதலுதவி சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை பக்கத்து ஆட்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறோம், எல்லோருமே ஒருமுறை போய் வர வேண்டிய பயிற்சி இது.

நடத்துபவர் ஓய்வு பெற்ற நர்ஸ், எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அவர் செய்த முதல் வேலை, வந்திருந்த ஒவ்வொருவரிடமும் "உங்க ஊர்ல இருந்து டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம்?" என்று கேட்டுப் பலகையில் எழுதியது. கிலோமீட்டர் சொன்னவர்களை விடவில்லை. ராத்திரி நேரத்தில், மழை நாளில், யார் வண்டியில், எந்த வழியாக என்று குடைந்து குடைந்து கேட்டார். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான அரசுக் கணக்கு. அந்த 20,000 பேரும் எத்தனை மேடு பள்ளம் தாண்டிச் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது அதில் வராது. அதற்குப் பிறகு எந்தப் பாடம் எடுத்தாலும் அந்தப் பலகையைக் காட்டித்தான் பேசினார்.

பாம்புக்கடிக்கு மட்டும் ஒரு மதியம் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்று 2020ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது, அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து ஏன் கூடாது என்று விளக்கினார். விரியன் கடித்த காலில் இறுக்கிக் கட்டினால் சதையே அழுகிப்போகலாம், கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் மொத்தமாக உடம்புக்குள் பாயலாம். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீக்கம் வருவதற்குள் மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்ற வேண்டும், கடிபட்ட காலை அசையாமல் வைக்க வேண்டும், ஆளை நடக்க விடாமல் உடனே கிளம்ப வேண்டும்.

அதைச் செய்தும் பார்த்தோம். பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கட்டையாக்கி, துண்டைக் கிழித்து, பக்கத்தில் இருந்த மேஸ்திரி அண்ணன் காலில் நான் கட்டினேன். சிஸ்டர் வந்து கட்டுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், பிறகு அண்ணனின் கால் பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டுவிட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று குனிந்து பார்த்தார். "விரல் உள்ள போகணும், நகம் சிவக்கணும் தம்பி, அதுக்கப்புறம்தான் வண்டியில ஏத்தணும்."

பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு அவசியமே இல்லையாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே போடுவது ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் துரத்திப் போய் இன்னொருவர் கடி வாங்குவதுதான் மிச்சம். இன்னொரு விஷயமும் சொன்னார், இதை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். "ஒண்ணுமே செய்யாம உட்கார வச்சிருக்காங்க" என்று கோபப்பட்டு அந்த நேரத்தில் ஆளை நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள் என்றார்.

ஆளை எப்படிக் கொண்டுபோவது என்பதையும் பாடமாகவே எடுத்தார்கள். இரண்டு மூங்கில், ஒரு பழைய சேலை வைத்து டோலி கட்டினோம், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகாதபடி இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தோம். ஜீப் கிடைக்காத இடத்தில் பைக்கில் நடுவே உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கிழக்கு நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் இப்படிப் பைக் ஓட்டும் தன்னார்வலர்களை ஏற்பாடு செய்து, கூடவே ஊர்மக்களுக்கு விஷயத்தைச் சொல்லியும் கொடுத்ததில், கடிபட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தது ஒருவருக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் பைக் இல்லாத தெருவே இல்லை. இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நாலு போன் நம்பரை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்.

நெஞ்சை அழுத்தும் பயிற்சியும் நன்றாகவே இருந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம், சரியாக அழுத்தினால் பொம்மைக்குள் 'டக்' என்று சத்தம் வரும். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டு அழுத்தினார். ஒரு நிமிடத்துக்குள் சத்தம் குறைய ஆரம்பித்துவிட்டது, உடனே சிஸ்டர் ஆளை மாற்றி, இதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறச் சொல்கிறோம் என்று காட்டினார். அலுவலக வகுப்பில் அழுத்தினால் மட்டும் போதும் என்றார்கள். மாரடைப்பில் விழும் பெரியவருக்கு அது சரி. கிணற்றில் விழுந்து மூழ்கிய பிள்ளைக்கு மூச்சும் கொடுக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தவருக்கோ இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், மூச்சு விடும் தசைகள்தான் செயலிழந்து போகும், அவருக்கு ஆஸ்பத்திரி வரும்வரை தேவை மூச்சு மட்டுமே. தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது, விடியும்போது வயிற்றுவலி, இமை சரிவது என்றுதான் ஆரம்பிக்கும். தரையில் பாய் போட்டுப் படுக்கிற வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டும்.

தீக்காயம், நாய்க்கடி, வலிப்பு எல்லாம் வேகமாக முடித்துவிட்டார்கள். தீக்காயத்தில் 20 நிமிடம் தண்ணீர், நாய் கடித்த இடத்தில் 15 நிமிடம் சோப்புத் தண்ணீர், வலிப்பு வந்தவர் கையில் சாவி திணிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து விடுவது. இதுவரை சரி.

குறை என்றால், பூச்சிமருந்துக்கு ஒதுக்கிய நேரம் எனக்குப் போதவில்லை. வாந்தி எடுக்க வைக்காதே, நனைந்த துணியைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவு, மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போ என்றதோடு சரி. தோட்டத்தில் மருந்தடிக்கிற ஊர்க்காரர்கள் கேட்க நிறைய வைத்திருந்தார்கள், பதில் சொல்ல நேரமில்லை. கையில் கொடுத்த தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, அதை ஊருக்கு எடுத்துப் போய் என் அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது? பேச்சில் அவ்வளவு அழகான தமிழ் இருக்கும்போது தாளிலும் தமிழ் வந்தே ஆக வேண்டும். குழந்தை அளவு பொம்மையும் இல்லை. கூடவே விற்கும் முதலுதவிப் பெட்டியில் துணிக்கட்டு, கையுறை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாம் தரமாக இருக்கிறது, கத்தரிக்கோல் மட்டும் துணியையே வெட்டவில்லை, அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய குறை, திரும்பச் செய்து பார்க்க ஏற்பாடு இல்லாதது. பயிற்சி இல்லாவிட்டால் இந்தக் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். சிஸ்டரிடமே கேட்டேன். இடமும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களும் சேர்த்துக் கொடுத்தால் அஞ்செட்டிக்கே வந்து நடத்தத் தயார் என்றார், அறுவடை முடிந்த சமயமாகப் பார்த்து ஊரில் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சேர்ந்துகொள்ள முடிந்தால் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு: கட்டணம் உங்களால் முடிந்தது. தொழிற்சாலை வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் வகுப்புக்குப் போங்கள், இங்கே கொடுக்கும் தாள் அதற்கு உதவாது. காலையில் நேரத்துக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள், முட்டி போட்டு உட்கார வசதியான உடையில் போங்கள், வீட்டில் கிழிக்கிற மாதிரி ஒரு பழைய துண்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.