பீச் ரோட்டு ராணுவக் கடை: போலீஸ் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு

மகன் சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவையைப் போலீஸ் படையில் செய்ய, பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கும் ஹோம் டீம் அகாடமி என்ற பயிற்சிக் கழகத்தில் சேரப் போகிறான். சீருடை, பூட்ஸ் அங்கேயே கிடைத்துவிடும். மற்ற சாமான்களுக்குப் பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் இருக்கும் ராணுவச் சாமான் கடைகளுக்குப் போனோம்.

நாங்கள் நுழைந்த கடையில் இருந்த பெரியவர் முதலில் அவன் பாதத்தைத்தான் பார்த்தார். தட்டைப் பாதம்! பாத வளைவைத் தாங்கும் இன்சோல் (காலணிக்குள் வைக்கும் உள்தட்டு) ஒன்றை எடுத்து, போட்டு நடந்து பார்க்கச் சொன்னார். உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம்மா, நல்ல ஓட்டக் காலணி இருந்தால் போதும்" என்றார். விற்கிறவர் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது.

தடித்த கறுப்புக் காலுறை, பாலிஷ், பூட்டு எல்லாமே தரம். இடம்தான் நெருக்கடி, வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.