வெட்டுவதா, பொருத்துவதா, வளர்ப்பதா?

கட்டடத்தின் தளவரைபடம், கணினி விளையாட்டின் நிலவறை, மென்பொருளின் மாட்யூல் பிரிப்பு ஆகிய மூன்றிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: வெற்றிடத்தில் தொடங்கி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பகுதிகளை எப்படிக் கொண்டுவருவது? அதற்குப் புழக்கத்தில் உள்ள முக்கியமான வழிகள் மூன்று. முழு இடத்தையும் வெட்டிக்கொண்டே போகலாம். சிறு துண்டுகளை விதிப்படி பொருத்தலாம். அல்லது சின்னக் கருவில் தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் சரிபார்த்து வளர்க்கலாம். பெரும்பாலும் வேகத்தையும் எளிமையையும் வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது முடிவுகளின் வரிசையை. முதலில் எதை முடிவு செய்கிறோமோ, அதைப் பின்னால் அசைக்க முடியாது.

வெட்டிப் பிரிப்பது

64×48 கட்டங்கள் கொண்ட செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் உயரத்தைப்போல் 1.25 மடங்கைத் தாண்டினால் செங்குத்தாகவும், உயரம் அப்படித் தாண்டினால் கிடையாகவும், இரண்டும் இல்லாவிட்டால் காசு சுண்டிப் பார்த்தும் வெட்ட வேண்டும். வெட்டு 40 முதல் 60 சதவீதத்துக்குள் விழட்டும். எந்தத் துண்டின் பக்கமும் 10 கட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. நான்கு நிலை வெட்டினால் அதிகபட்சம் 16 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு கட்டத்தைச் சுவருக்கு விட்டு அறையை வைக்கலாம். பிறகு கடைசி வெட்டிலிருந்து மேல்நோக்கி வந்து, ஒரே வெட்டில் பிரிந்த இரண்டையும் நடைவழியால் இணைத்தால் வேலை முடிந்தது.

இதன் பலம் உத்தரவாதம். அறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, எல்லா அறைக்கும் வழி இருக்கும், ஓட்டம் எந்த இடத்திலும் சிக்கி நிற்காது. பலவீனமும் அந்த இணைப்பு முறையில்தான் இருக்கிறது. 16 அறைக்கு 15 இணைப்பு என்றால் கிடைப்பது ஒரு மரம். எந்த இரு அறைகளுக்கு இடையிலும் ஒரே ஒரு பாதைதான். விளையாடுபவர் முட்டுச்சந்தில் மாட்டி, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் அறைகளில் இரண்டு மூன்று ஜோடிகளைத் தேர்ந்து கூடுதல் கதவு வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1965-இல் நகரங்களைப் பற்றிச் சொன்னதும் இதையேதான். தானாக வளர்ந்த நகரத்தில் ஒரே இடம் பல வட்டாரங்களுக்குப் பொதுவாக இருக்கும். மேலிருந்து வெட்டித் திட்டமிட்ட நகரம் மரமாகிவிடும் என்றார். அவர் காட்டிய உதாரணங்களில் பிரசிலியாவும் சண்டிகரும் உண்டு. மென்பொருளில் இதே கோளாறு வேறு முகத்தில் வரும். கோப்புறைகளை ஒழுங்காகக் கிளை பிரித்த பிறகு, பதிவேடு எழுதுவதும் அனுமதி சோதிப்பதும் எந்தக் கிளையிலும் அடங்காமல் எல்லாக் கிளையிலும் நகலாகி நிற்கும். அந்த நகல்களைக் கண்டு திணறும் குழுக்கள் கோப்புறைப் பெயர்களை மாற்றிப் பார்ப்பது வழக்கம். பெயரை மாற்றினாலும் கிளை கிளையாகத்தான் இருக்கும்.

துண்டுகளைப் பொருத்துவது

மாக்சிம் குமின் 2016-இல் வெளியிட்ட ‘வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ்’ என்ற நிரல் இந்த வகையில் பிரபலமானது. பால் மெரெல் 2007-இல் முன்வைத்த ‘மாடல் சிந்தசிஸ்’ அதற்கு முன்னோடி. தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த டைலும் (ஒரு கட்டத்தை நிரப்பும் சதுரப் படத்துண்டு) வரலாம். வாய்ப்பு மிகக் குறைவாக மிஞ்சியிருக்கும் கட்டத்தைத் தேர்ந்து, அதில் ஒரு டைலை உறுதி செய்கிறோம். அதற்கு ஒத்துவராத டைல்கள் பக்கத்துக் கட்டங்களின் பட்டியலிலிருந்து நீங்கும். அந்த நீக்கம் அலை போல அடுத்தடுத்த கட்டங்களுக்கும் பரவும். அது அடங்கியதும் அடுத்த கட்டம்.

இதில் கைவேலை முழுக்க டைல்களின் ஓரத்தில் இருக்கிறது. எந்த டைலுக்குப் பக்கத்தில் எது வரலாம் என்று ஜோடி ஜோடியாக எழுத ஆரம்பித்தால் மீள முடியாது. 12 டைல்களை நான்கு திசையிலும் சுழற்றினால் 48. அவற்றை நான்கு பக்கமும் ஒப்பிட்டால் 9,216 ஜோடிகள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு டைலின் நான்கு ஓரங்களுக்கும் குறியீடு கொடுத்தால் 12×4, வெறும் 48 குறியீடுகளோடு முடிந்துவிடும். சுழற்றும் வேலையை நிரல் பார்த்துக்கொள்ளும். ஒரு ஓரத்தை மூன்று புள்ளிகளாகப் படியுங்கள்: ‘சுவர், தரை, தரை’. எல்லா ஓரத்தையும் கடிகாரத் திசையில் படித்தால், எதிரில் ஒட்டும் டைலின் ஓரம் ‘தரை, தரை, சுவர்’ என்று தலைகீழாக இருக்க வேண்டும். ஒப்பிடும்போது ஒன்றைத் திருப்ப மறந்தால், சமச்சீரான டைல்கள் எல்லாம் சரியாக விழும். மூலை டைல்கள் மட்டும் அரைச் சுவர் தள்ளி நிற்கும். பிழை படத்தில் இருப்பதாக நினைத்து ஓவியரைத் தொந்தரவு செய்யும் முன் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஒரு கட்டத்தின் பட்டியல் காலியாகிவிட்டால் முரண்பாடு. 20×20 அளவு என்றால் அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். அளவு கூடக் கூட, எங்கேயும் முரண்படாமல் முடியும் வாய்ப்பு சரியும். அப்போது முரண்பட்ட இடத்தைச் சுற்றி 5×5 கட்டங்களை மட்டும் அழித்து மறுபடி நிரப்புவது மேல். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே மாதிரி இடத்தில் உடைந்தால் காரணம் வேறு: டைல் தொகுப்பில் ஒரு துண்டே இல்லை. உடைந்த கட்டத்தைச் சுற்றிய நான்கு ஓரங்களையும் பதிவு செய்து பார்த்தால், பெரும்பாலும் வரையப்படாத ஒரு முச்சந்தி டைல் கண்ணில் படும்.

இதைவிடப் பெரிய குறை, இந்த முறைக்குப் பக்கத்து வீடு மட்டுமே தெரியும் என்பது. எல்லா ஓரமும் கச்சிதமாக ஒட்டியிருக்கும். ஆனால் வாசலிலிருந்து வெளியேறும் இடத்துக்கு வழியே இருக்காது. 2008-இல் வந்த ஸ்பெலங்கி என்ற விளையாட்டு இந்தச் சிக்கலை வரிசையை மாற்றித் தவிர்த்தது. அதில் ஒரு நிலை (லெவல்) 4×4 அறைகள். முதலில் மேல் வரிசையில் ஓர் அறையைத் தேர்ந்து, 1 முதல் 5 வரை ஓர் எண் எடுக்கிறது. 1, 2 என்றால் இடப்பக்கம். 3, 4 என்றால் வலப்பக்கம். 5 என்றாலோ ஓரச் சுவரில் முட்டினாலோ கீழே. அடி வரிசையிலும் கீழே இறங்க வேண்டி வந்தால் அங்கே வெளியேறும் கதவு. முதலில் பாதை, பிறகு அந்தப் பாதைக்கு ஏற்ற திறப்புள்ள அறை அச்சுகள், கடைசியில் சில்லறை விவரங்கள். பாதை உண்டா என்று பின்னால் சோதிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஜார்ஜ் ஸ்டைனியும் ஜேம்ஸ் கிப்ஸும் 1971-இல் முன்வைத்த வடிவ இலக்கணமும் (ஒரு வடிவத்தை விதிப்படி வேறொன்றாக மாற்றிக்கொண்டே போகும் முறை) இதே விதிகளின் குடும்பம்தான். 1978-இல் ஸ்டைனியும் வில்லியம் மிட்செலும் இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் மாளிகைத் தளவரைபடங்களை அதில் வருவித்துக் காட்டினார்கள். தெரிந்த ஒரு பாணியை ஆராய அது அருமையான கருவி. பாணியே இன்னும் பிடிபடாத வேலைக்கு எந்த விதியை எழுதுவது என்ற இடத்திலேயே அது நின்றுவிடும்.

வளர்ப்பது

அலெக்சாண்டரும் சகாக்களும் 1977-இல் 253 பாங்குகளை (திரும்பத் திரும்ப வரும் வடிவமைப்புச் சிக்கலுக்கான தீர்வு மாதிரிகளை) தொகுத்தபோது, அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினார்கள். அந்த அடுக்கு தேடும் வசதிக்காகச் செய்தது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் செய்முறையே. 159-ஆவது பாங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு அறைக்கும் இரு பக்க வெளிச்சம் வேண்டும். 4 மீட்டர் சதுரமான ஒன்பது அறைகளை 3×3 ஆக அடுக்கினால் நான்கு மூலை அறைகளுக்கு மட்டும் இரு பக்கம் கிடைக்கும். நான்குக்கு ஒரு பக்கம். நடு அறைக்கு ஒன்றுமில்லை. ஜன்னலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் கட்டடத்தின் தடிமன் முதலிலேயே முடிவாகிவிட்டது. அதே ஒன்பது அறைகளை ஓர் அறை தடிமனில் ‘ப’ வடிவமாக, அடியில் ஐந்தும் கைக்கு இரண்டுமாக வளர்த்தால் ஒன்பதுக்கும் இரு பக்கம் உண்டு. நடுவில் 12×8 மீட்டர் முற்றமும் வாய்க்கும். விலை என்னவென்றால், வெளிச்சுவர் 48 மீட்டரிலிருந்து 80 மீட்டராகக் கூடும். இந்தப் பேரத்தைச் சுற்றுக்கோடு போடும் முன்பே பேசித் தீர்க்க வேண்டும். வெட்டிப் பிரிக்கும் முறையோ சுற்றுக்கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

மென்பொருள் உலகம் இந்தப் பாங்குகளை ஆர்வமாக வாங்கிக்கொண்டது. 1994-இல் ‘நால்வர் குழு’ என்று அழைக்கப்படும் நான்கு மென்பொருள் நூலாசிரியர்கள் சேர்ந்த குழு 23 பாங்குகளைத் தொகுத்தது. பட்டியல் வந்தது, வரிசை வரவில்லை. எதற்குப் பிறகு எது என்ற குறிப்பில்லாததால், மூன்று வகுப்புள்ள (class) சின்ன நிரலிலும் ஐந்து பாங்குகள் திணிக்கப்படுவதை இன்றும் பார்க்கலாம். 1996-இல் சான் ஓசேயில் மென்பொருளாளர்களிடம் பேசிய அலெக்சாண்டர், உங்கள் பாங்குகள் சேர்ந்து ஒரு முழுமையை உருவாக்குகின்றனவா என்ற கேள்வியைத்தான் எழுப்பினார்.

வளர்க்கும் முறையில் ஓர் அடி என்பது இவ்வளவுதான். இப்போது இருப்பதில் மிகப் பலவீனமான இடம் எது என்று பார். அதைச் சரிசெய்யும் மிகச் சிறிய மாற்றத்தைச் செய். முழுவதும் மேம்பட்டதா என்று சோதி. இல்லையென்றால் திரும்பப் பெறு. கட்டுமானத்தில் சோதிப்பது நிலத்தில் கொடியும் கயிறும் கட்டி நின்று பார்ப்பது. மென்பொருளில் தானியங்கி டெஸ்ட்டும் சிறு சிறு கமிட்டும் (மாற்றத்தைத் தனித்தனியாகப் பதிவு செய்வது). திரும்பப் பெறும் வசதி இல்லாத இடத்தில் இந்த முறையைத் தொடங்கவே கூடாது. கான்கிரீட் ஊற்றிய பிறகு ‘அடுத்த அடி’ என்று ஒன்று இல்லை. விளையாட்டு வடிவமைப்பாளர் யோரிஸ் டார்மன்ஸ் இதை இயந்திரத்துக்கே கற்றுக்கொடுத்தார். 2017-இல் வந்த அவரது அன்எக்ஸ்ப்ளோர்டு விளையாட்டு ஒரு கோட்டிலிருந்து தொடங்காமல், புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் இரு பாதைகளால் இணைக்கும் வளையத்திலிருந்து தொடங்குகிறது. பூட்டும் சாவியும் குறுக்குவழியும் அந்த வளையத்தின் மேல் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. முட்டுச்சந்துத் தொல்லை அங்கே வேரிலேயே குறைகிறது.

எங்கள் தேர்வு வளர்ப்பதுதான், இரண்டு விதிவிலக்குகளோடு. ஆயிரக்கணக்கான நிலைகளை மனிதக் கண் படாமல் உருவாக்க வேண்டுமென்றால் வெட்டுவது நம்பகமானது. மேற்பரப்பு, அலங்காரம், தரை வடிவம் போன்ற உள்ளூர் வேலைக்குப் பொருத்துவதை மிஞ்ச ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரே வேலையில் கலக்கலாம்: வளையத்தை வளர்த்துப் பாதையை நிலைநிறுத்தி, ஒவ்வொரு பகுதியையும் உள்ளே வெட்டி, கடைசியில் டைல் நிரப்பலாம். அப்படிச் செய்யும்போது மூன்று படிக்கும் ஒரே ரேண்டம் சீடை (seed, தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) பகிராதீர்கள். மூல சீடிலிருந்து படிக்கு ஒன்றாகத் தனி சீட் எடுங்கள். இல்லையென்றால் பாதையில் ஒரே ஓர் எண்ணை அதிகமாக உருட்டும் சிறு திருத்தம் செய்தாலும், தொடாத பகுதிகளின் சுவரும் டைலும் அடுத்த ஓட்டத்தில் இடம் மாறியிருக்கும்; எது திருத்தத்தின் விளைவு, எது உருட்டலின் விளைவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.